கீரைக்காரர் கணக்கு: கேள்வி பதில்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவும் பக்கத்துத் தெருவுமாக 22 வீடுகள் சேர்ந்து விவசாயிகளிடம் நேரடியாக வாங்குகிறோம். எட்டு வருஷமாகக் கணக்கு நோட்டு என் கையில். அந்தத் தைரியத்தில் வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

லாஸ்பேட்டை வாசகி: அக்கா, நாங்கள் பத்து வீடு சேர்ந்திருக்கிறோம். முதலில் எதை வாங்கலாம்? கீரை?

ஐயோ, கீரையில் ஆரம்பிக்காதீர்கள். நான் அதில்தான் மாட்டினேன். வாரம் 40 கட்டு எடுத்துக்கொள்கிறோம் என்று நெல்லிக்குப்பம் பக்கத்து விவசாயி ஒருவரிடம் வாக்குக் கொடுத்தேன். ஐப்பசி மழை பிடித்ததும் பாதி வீடுகள் "இந்த வாரம் வேண்டாம்" என்றுவிட்டன. சிறுகீரை விதைத்துப் பிடுங்க 25 நாள் போல ஆகும். நாம் இன்று காலையில் வேண்டாம் என்பது, அவர் போன மாதமே நம்மை நம்பி விதைத்ததை. அந்தக் கீரை மாட்டுக்குப் போனது. பணத்தை என் கையிலிருந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், ஆனால் அடுத்த முறை எங்களுக்கென்று விதைக்கவில்லை. அவர் மீது தப்பே இல்லை.

கெடாத பொருளில் தொடங்குங்கள். சம்பா அறுவடை தை, மாசியில் வரும். அப்போதே தூயமல்லியோ மாப்பிள்ளைச் சம்பாவோ ஆறு மாதத்துக்குப் பேசி, கொஞ்சம் முன்பணம் கொடுத்துவிடுங்கள். ஒன்று மட்டும்: நெல்லாகவே அவரிடம் இருக்கட்டும், மாதா மாதம் அரைத்து வாங்குங்கள். மொத்தமாக அரிசியாக்கி வீட்டில் வைத்தால் உங்களுக்கு முன்னால் வண்டு சாப்பிட்டுவிடும். பத்து வீடும் ஒழுங்காகப் பணம் கட்டுகிறதா என்று ஆறு மாதம் பார்த்துவிட்டு அப்புறம் கீரைக்குப் போங்கள். அதற்கும் மாதப் பணத்தை முன்னாடியே வசூலித்துவிடுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்: உழவர் சந்தை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

சந்தை போதும் என்றால் தாராளமாக அங்கேயே வாங்குங்கள். 1999-இல் தமிழ்நாட்டில் அதைத் தொடங்கியதே தரகர் இல்லாமல் விற்கத்தான். அடையாள அட்டை உள்ள விவசாயி, தினமும் எழுதிப்போடும் விலை. விடிந்ததும் போங்கள். வெயில் ஏறிய பிறகு போய் "ஒன்றுமே இல்லை" என்று சொல்லக் கூடாது.

வில்லியனூர் வாசகர்: இயற்கை விளைச்சல் என்று சொல்கிறார்கள். சான்றிதழ் கேட்கலாமா?

கேளுங்கள், ஆனால் இல்லை என்றதும் பொய்யர் என்று முடிவுகட்டாதீர்கள். ஒரு ஏக்கர்காரருக்குத் தனிச் சான்றிதழ்ச் செலவு கட்டுப்படியாகாது. அவர்களுக்காகத்தான் பி.ஜி.எஸ். என்ற பங்கேற்பு உத்தரவாத முறை இருக்கிறது: ஐந்து பேராவது குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் பார்த்து உறுதி சொல்வார்கள். எந்தக் காகிதமும் இல்லையென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கே போங்கள். பூச்சி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். நிஜமாகச் செய்பவர் அரை மணி நேரம் பேசுவார். "எங்களுக்குப் பூச்சியே வராது" என்றால் வண்டியைத் திருப்புங்கள்.

விருத்தாசலம் வாசகர்: செக்கு எண்ணெய் ஏன் இவ்வளவு விலை? ஏமாற்றா?

நீங்களே கணக்குப் போடுங்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ மல்லாட்டைப் பயறு, அதாவது உடைத்த நிலக்கடலைப் பருப்பு, வேண்டும். பிண்ணாக்கை விற்று ஆட்டுக்கூலி தேறும் என்றே வைத்தாலும், அந்தப் பயறு விலையைவிட மலிவாக எண்ணெய் கிடைத்தால் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

முத்தியால்பேட்டை வாசகி: பண்ருட்டி முந்திரி என்று வாங்கினால் உள்ளூர் விவசாயிக்குப் போகுமா?

எப்போதும் அப்படியில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வரும் கொட்டையும் இங்கே உடைபடுகிறது. அதனால் பண்ருட்டியில் உடைத்தது வேறு, பண்ருட்டியில் காய்த்தது வேறு. முதலாவதை வாங்குவதும் தவறில்லை. தோலைப் பொசுக்கும் முந்திரி ஓட்டின் எண்ணெயில் கை வைத்து உடைக்கும் பெண்களுக்குக் கூலி அதில்தான். ஆனால் இங்குள்ள தோப்புக்காரர்களை நினைத்து வாங்குவதானால், எந்தத் தோப்பு என்று கேட்டு வாங்குங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் சாய்த்த முந்திரிக்கும் பலாவுக்கும் பதிலாக மறுபடி நட்டு, காய்க்கும் வரை வருமானமில்லாமல் காத்திருந்தவர்கள் அவர்கள். பாயசத்துக்கு முழுப்பருப்பு எதற்கு? பாதிப் பருப்பு போதும், மலிவும்கூட.

தேவனாம்பட்டினம் வாசகர்: மீன் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

மீனவர் ஊர்க்காரரான நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியவர். இருந்தாலும் வெளியூர்க்காரர்களுக்காக: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை, நாட்டுப்படகு போகும். அந்த 61 நாளும் மீன் குறைவு, விலை கூடுதல். வஞ்சிரம் கிடைக்கவில்லை என்று புலம்பாமல், கூடைக்கார அம்மா அன்றைக்கு என்ன கொண்டுவந்தாரோ அதை வாங்கிக் குழம்பு வையுங்கள். பேரம் பேசியே தீருவேன் என்றால் எங்கள் தெருவுக்கு வராதீர்கள். நாங்கள் இப்போதுதான் அவரைத் தினமும் வரவைத்திருக்கிறோம்.