பக்கிப் பறவை ஏன் கூடு கட்டாமல் வெறுந்தரையில் முட்டையிடுகிறது?

பக்கி என்பது இரவில் பறந்தபடியே அந்துப்பூச்சி, வண்டுகளைப் பிடித்துத் தின்னும் பறவை. ஜாம்பியா, ஜிம்பாப்வே பகுதிகளின் மியோம்போ எனப்படும் வறண்ட காடுகளில் வாழும் செங்கழுத்துப் பக்கியை எடுத்துக்கொள்வோம். ஒரு சுள்ளிகூடச் சேர்க்காது. சருகின் மேலேயே பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும்.

காரணம், அதன் உடலே அதற்கு மறைப்பு. பழுப்பும் சாம்பலும் கருங்கோடும் கலந்த இறகுகள் காய்ந்த இலைகளோடு அப்படியே ஒன்றிவிடும். கூடு என்று ஒன்று கட்டினால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். பகல் முழுக்கப் பெண் பறவை முட்டைமேல் அசையாமல் அமர்ந்திருக்கும். பெரிய கண்களைக்கூடக் கீற்றாக இடுக்கிக்கொள்ளும். எதிரி மிக அருகில் வரும்வரை எழாது. அந்தப் பொறுமை எனக்கு எப்போதுமே வியப்புதான்.

அரிசியில் கிடக்கும் வெள்ளைக் கல்லை நினைத்துப் பாருங்கள். முறத்தில் கண்ணெதிரேதான் இருக்கும். பல்லில் கடிபடும்போதுதான் தெரியும்.

பக்கியின் பேரினப் பெயரான காப்ரிமுல்கஸ் என்பதற்கு லத்தீனில் 'ஆட்டுப்பால் கறப்பது' என்று பொருள். ஐரோப்பாவில் அப்படி நம்பினார்கள். ஆனால் பக்கி பால் குடிப்பதில்லை, மந்தையைச் சுற்றும் பூச்சிகளுக்காகத்தான் ஆடுகளருகே வருகிறது.