ஒரே கரை, இரண்டு கடல்: ராமநாதபுரம் கடற்கரைகள் – கேள்வி பதில்

எனக்குச் சொந்த ஊர் உச்சிப்புளி பக்கம். தொண்டியிலிருந்து நரிப்பையூர் வரை கரையோரமாகவே பைக்கில் பல தடவை போய் வந்திருக்கிறேன். லீவு வந்தாலே தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று எல்லாரும் எந்தக் கடற்கரைக்குப் போகலாம் என்று என்னிடம்தான் கேட்பார்கள். அப்படி வந்த கேள்விகளையும் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்துத் தருகிறேன்.

கேள்வி (மதுரையிலிருந்து): மே மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறோம், ஒருத்திக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலு. கடலில் ஆட வேண்டும் என்று அடம். பயமில்லாத கடற்கரை எது அண்ணே?

ஆரியமான். யோசிக்கவே வேண்டாம். ராமேஸ்வரம் போகும் பஸ்ஸில் உச்சிப்புளியில் இறங்கினால் அங்கிருந்து ஆட்டோவில் போய்விடலாம். சவுக்குத் தோப்பு நிழல் இருக்கிறது, கட்டுச்சோறு கொண்டுவந்து அங்கேயே உட்கார்ந்து சாப்பிடலாம். கடல் ஆழமில்லாமல் கொஞ்ச தூரம் படிப்படியாகத்தான் இறங்கும், அலை என்று சொல்கிற அளவுக்கு அலையும் கிடையாது.

அது ஏன் என்று தெரிந்துகொண்டால் இந்த மாவட்டத்தில் எந்தக் கரைக்கும் நீங்களே நாள் பார்த்துப் போகலாம். நமக்கு இருப்பது ஒரு கடல் இல்லை, இரண்டு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. எங்கள் பக்கத்தில் வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வைகாசி, ஆனி தொடங்கி ஆவணி முடிய கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும். அப்போது தென்கடல் கொந்தளித்துக் கிடக்கும், வடகடல் குளம் மாதிரி இருக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று வந்துவிட்டால் அப்படியே மாறிவிடும்: வடகடல் கலங்கிச் சேறாகி, தென்கடல் அடங்கிவிடும். மாசி, பங்குனியில் இரண்டுமே அமைதி. நீங்கள் வருவது கச்சான் தொடங்குகிற நேரம், அதனால் வடகடல் பக்கம் இருக்கிற ஆரியமானைச் சொன்னேன். இதே கேள்வியை டிசம்பரில் கேட்டிருந்தால் தென்கடல் பக்கம் இருக்கிற சேதுக்கரை என்று சொல்லியிருப்பேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஆழம் குறைந்த கடலில் மணலுக்கடியில் திருக்கை படுத்திருக்கும். தண்ணீருக்குள் காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்துத் தேய்த்து நடக்கச் சொல்லுங்கள், அந்த அதிர்வு தெரிந்து அது விலகிப் போய்விடும். பன்னிரண்டு வயதில் நான் மிதித்திருக்கிறேன். கணுக்காலில் முள் ஏறியது, வலி இடுப்பு வரை வந்தது. அம்மா தாங்குகிற சூட்டில் வெந்நீர் வைத்து அதில் காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டார், ஒரு மணி நேரத்தில்தான் அழுகை நின்றது. அந்த வைத்தியம் சரியானதுதான், திருக்கை விஷத்துக்குச் சூடு ஆகாது. ஆனால் முள் உள்ளே முறிந்திருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

கேள்வி (கோயம்புத்தூரிலிருந்து): தனுஷ்கோடியில் குளிக்கலாமா? படங்களில் பார்த்தால் தண்ணீர் நீலமாக அவ்வளவு அழகாக இருக்கிறதே.

அழகாகத்தான் இருக்கும், குளிக்கக் கூடாது. நிலம் முடிகிற அரிச்சல்முனையில் இரண்டு கடலும் ஒன்றை ஒன்று முட்டிக்கொள்கின்றன. மேலே பார்த்தால் தெரியாது, கீழே இழுவை இருக்கும், மணல் நாளுக்கு நாள் இடம் மாறும். நேற்று முட்டளவு தண்ணீர் இருந்த இடத்தில் இன்றைக்குப் பள்ளம் இருக்கலாம். நன்றாக நீச்சல் தெரிந்தவர்களே அங்கே உயிரை விட்டிருக்கிறார்கள். காலை நனைத்துக்கொண்டு கரையில் நில்லுங்கள், அது போதும்.

தனுஷ்கோடிக்குக் குளிக்கப் போவதை விட பார்க்கப் போக வேண்டும் என்பது என் எண்ணம். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரே போனது, பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் அதில் இருந்த அத்தனை பேரோடும் கடலுக்குள் போனது. அதுவரை அது ஒரு ஓரத்துக் கிராமம் இல்லை, தலைமன்னாருக்குக் கப்பல் போன துறைமுகம், ஸ்டேஷன், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், மாதாகோவில் எல்லாம் இருந்த ஊர். இப்போது நிற்கிற மாதாகோவில் சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள், செங்கல்லோடு பவளக்கல்லும் வைத்துக் கட்டியிருப்பது தெரியும். தயவுசெய்து அதன் மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள், பேரும் எழுதாதீர்கள். எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கு அது செத்தவர்களின் ஊர்.

இன்னொன்றும் பாருங்கள். அங்கே குடிசை போட்டு இன்னமும் மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. குடிதண்ணீருக்கு அவர்கள் மணலில் கையாலேயே ஊற்று தோண்டுவார்கள். இரண்டு பக்கமும் உப்புக்கடல், நடுவில் இடுப்பளவு பள்ளம், அதன் அடியில் தண்ணீர் மெதுவாகச் சுரந்து தெளிந்து நிற்கும். ஒரு பாட்டி சிரட்டையால் மோந்து மோந்து குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார், குடிக்கக் கேட்டேன், அதே சிரட்டையில் கொடுத்தார். உப்பே தெரியவில்லை. மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான கடல்நீருக்கு மேலே மிதந்து நிற்பதால் அப்படி. ஆழமாகத் தோண்டினால் உப்பாகிவிடும் என்பதால் வேண்டிய அளவுக்கு மேல் அவர்கள் தோண்டுவதில்லை.

போகிற வழி: ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 20 கி.மீ. முன்பெல்லாம் முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்துவிடும், அதற்கு அப்பால் வேனில் சேற்றிலும் மணலிலும் ஆடி ஆடிப் போவோம். 2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு போட்டுவிட்டார்கள். சாயங்காலத்துக்கு மேல் உள்ளே விட மாட்டார்கள், இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

கேள்வி: டிசம்பர் கடைசியில்தான் லீவு கிடைக்கிறது. கூட்டமில்லாத இடமாகச் சொல்லுங்கள்.

மேலே சொன்ன கணக்குதான், டிசம்பரில் தெற்கே போங்கள். ராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழக்கரை, ஏர்வாடி தாண்டினால் இடது கைப் பக்கம் வாலிநோக்கத்துக்கு ரோடு பிரியும். போகிற வழியில் உப்பளம் பார்க்கலாம், அரசாங்கத்தின் உப்புக் கழகம் நடத்துவது. வாலிநோக்கத்தில் கரை ஒரு முனையாகக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது, நடக்க நல்ல இடம். அதற்கும் மேற்கே சாயல்குடி பக்கம் மாரியூர், மூக்கையூர். மாரியூரில் பழைய சிவன் கோவில் கடலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கடை கண்ணி அதிகம் கிடையாது, தண்ணீரும் சாப்பாடும் கையில் இருக்கட்டும். வெயிலுக்கு ஒதுங்கப் பனைமரம்தான்.

திரும்பும்போது கீழக்கரையில் தொதல் வாங்காமல் வராதீர்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டு மணிக்கணக்கில் கிண்டுகிற இனிப்பு, நல்ல கடையில் வாங்கினால் விரலில் எண்ணெய் மினுங்கும்.

கேள்வி (திருச்சியிலிருந்து): அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க அம்மாவைக் கூட்டி வருகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி. அக்னி தீர்த்தக் கூட்டத்தில் தள்ளுமுள்ளு வேண்டாம் என்று பார்க்கிறேன்.

அமாவாசை அன்றைக்கேதான் என்று இல்லையானால், எந்த நாளானாலும் தேவிபட்டினமும் சேதுக்கரையும் அக்னி தீர்த்தத்தை விட நிதானமாக இருக்கும். ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் மூன்று இடத்திலும் கூட்டம்தான்.

தேவிபட்டினத்தில் கடலுக்குள்ளேயே ஒன்பது கல் நட்டிருக்கிறது, நவபாஷாணம். அங்கே போக நடைபாலம் கட்டியிருக்கிறார்கள். ஆனால் கற்களைச் சுற்றிக் கும்பிட வேண்டும் என்றால் தண்ணீரில் இறங்கித்தான் ஆக வேண்டும், அடியில் பாசி வழுக்கும். முட்டிவலியோடு வருகிறவரை இறக்க வேண்டாம், மேலே நின்று கும்பிட்டால் போதும். சேதுக்கரை திருப்புல்லாணிக்குப் பக்கம். மணல் கரை, நின்று குளிக்க வசதி, பெருமாள் கோவிலையும் பார்த்துவிடலாம். உங்கள் அம்மாவுக்குச் சேதுக்கரைதான் ஒத்துவரும், அதுவும் வாடைக் காலத்தில் வந்தால். கட்டிக் குளித்த துணியைக் கடலில் விடுவது எந்தச் சடங்கிலும் சேர்ந்ததில்லை. அது வலையிலும் பவளத்திலும்தான் போய்ச் சிக்குகிறது. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

கேள்வி: பவளப்பாறை பார்க்க முடியுமா? அந்தமான் வரை போக வேண்டுமா?

வேண்டாம். மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை தென்கடலில் 21 தீவுகள் வரிசையாக இருக்கின்றன, சுற்றிலும் பவளப்பாறைதான். 1986-ல் அதைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதனால் நினைத்த தீவில் இறங்க முடியாது, தனியார் படகுக்காரர் கூட்டிப்போகிறேன் என்றாலும் ஏறாதீர்கள், மாட்டினால் வழக்கு. பாம்பன் பக்கம் குந்துகாலில் இருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடுகிறது. கடல் நிலவரத்தைப் பார்த்து நிறுத்துவதும் உண்டு என்பதால் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். கரையில் கிடக்கிற செத்த பவளத்துண்டைக் கூட எடுத்துவரக் கூடாது, வன உயிரினச் சட்டப்படி அதுவும் குற்றம்.

கேள்வி: காரங்காடு எப்படி? போகலாமா?

தாராளமாக. தொண்டி ரோட்டில் இருக்கிற மீனவக் கிராமம். அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போவார்கள், வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள், காசு ஊருக்குப் போகிறது. காலையிலேயே போனால் பறவை நிறைய. நீண்ட மணல் கரையை எதிர்பார்த்துப் போகாதீர்கள், அது வேறு மாதிரி இடம்.

கேள்வி: கேமராவோடு வருகிறேன் அண்ணே, பூநாரை எங்கே, எப்போது?

தம்பி, மழைக்காலம் முடிந்து தை, மாசியில் வா. தனுஷ்கோடி போகிற ரோட்டுக்கு வடக்கே ஆழமில்லாத தண்ணீர் தேங்கிக் கிடக்கும், அங்கேதான் கூட்டமாக மேயும். 2025-ல் அந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாகவே அறிவித்துவிட்டார்கள். ரோட்டிலிருந்தே எடு. கிட்டே நடந்தால் மொத்தமாக எழும்பும், எழும்புகிற படம் நன்றாக வரும் என்று கல்லெறிகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், எனக்கு வயிறு எரியும். பல நூறு மைல் பறந்து வந்து இரை எடுக்கிற பறவை அது. அதே மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட கரையேறும். வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். அந்த நேரத்தில் நீ அங்கே இருந்தால் கொடுத்துவைத்தவன், ஆனால் பிளாஷ் மட்டும் போடாதே.

கேள்வி: நல்ல மீன் எங்கே சாப்பிடலாம்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு போகாது. அப்போது நாட்டுப்படகு மீன்தான், கொஞ்சமாக வரும், விலை கூட இருக்கும், ஆனால் அன்றைக்குப் பிடித்ததாக இருக்கும். தனுஷ்கோடிக் குடிசைக் கடைகளில் கண்ணெதிரே மசாலா தடவிப் பொரித்துத் தருவார்கள். மீனைத் தேர்ந்தெடுக்கும் முன் செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பாருங்கள், சிவப்பாக இருந்தால் வாங்கலாம். நகரை, விளமீன் கிடைத்தால் விடாதீர்கள். விலையைப் பொரிப்பதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள்.

கேள்வி: கரையில் டென்ட் போட்டு இரவு தங்கலாமா? ட்ரோன் விடலாமா?

இரண்டும் வேண்டாம். எதிரே இலங்கை, இது எல்லைக் கடல். கடற்படை, கடலோரப் போலீஸ் எல்லாரும் ரோந்து வருவார்கள். அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிட்டால் பறிமுதல்தான்.

கேள்வி: கடைசியாக ஒன்று. உங்களுக்குப் பிடித்த கரை எது?

குந்துகால். 1897 ஜனவரி 26 அன்று சிகாகோ போய் வந்த விவேகானந்தர் இலங்கையிலிருந்து வந்து கரையேறிய இடம், பாஸ்கர சேதுபதி மன்னர் நேரில் வந்து வரவேற்றார். நினைவு மண்டபம் இருக்கிறது. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நான் சாயங்காலம்தான் போவேன், சூரியன் மண்டபம் ஊர்ப் பக்கம் இறங்கும், அந்த வெளிச்சத்தில் எதிரே குருசடைத் தீவு கறுப்புக் கோடாகத் தெரியும்.

ஆனால் அந்தக் கரை எனக்குப் பிடித்துப்போனது பக்கத்துச் சின்னப்பாலத்துப் பெண்களால். கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள். விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றி, பாறை கிழிக்காமல் இருக்கக் காலில் தகட்டுத் துண்டைக் கட்டி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் முங்குவார்கள். சேலைக்கு மேல் சட்டை, இடுப்பில் பை. ஒரு தடவை கரையேறி வந்த அக்கா ஒருவர் பையைக் கொட்டி மரிக்கொழுந்துப் பாசியைத் தனியாகப் பிரித்துக்கொண்டே, வேரோடு பிடுங்கினால் அடுத்த தடவைக்கு இருக்காது, நுனியைத்தான் கிள்ள வேண்டும் என்று எனக்குக் கிள்ளிக் காட்டினார். துணியை அவிழ்த்தபோது விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறி வெள்ளையாகச் சுருங்கி இருந்தது. அவருக்கு அப்போது அறுபது வயதுக்குக் குறையாது. மறுநாள் விடிகாலையிலும் போவேன் என்றார்.