கடலுக்கு 300 மீட்டரில் 1.05 கோடி வீடு: வாங்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் சென்னை திருவான்மியூரில் 28,000 ரூபாய் வாடகை வீட்டில் வசிக்கிறோம். எனக்கு வயது 33, அவருக்கு 36, நான்கு வயதில் ஒரு மகள். பிடித்தங்கள் போக அவருக்கு 92,000 ரூபாயும் எனக்கு 74,000 ரூபாயும் கைக்கு வருகின்றன. கார் கடனுக்கு மாதம் 11,500 கட்டுகிறோம். அது முடிய இன்னும் இரண்டு ஆண்டுகள் ஆகும். கடந்த 14 மாதங்களாகச் சனி, ஞாயிறு வந்தால் வீடு பார்க்கக் கிளம்பிவிடுகிறோம். கொட்டிவாக்கம் முதல் உத்தண்டி வரை 37 வீடுகள் பார்த்தாயிற்று. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் நேராக பால்கனிக்குப் போவார். நான் சமையலறைக் குழாயைத் திறந்து பார்ப்பேன். வீடு திரும்பும்போது பெரும்பாலும் இருவரும் பேசிக்கொள்வதில்லை. இப்போது நீலாங்கரையில், ஈசிஆர் என்னும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கிழக்கே, கடலிலிருந்து ஏறத்தாழ 300 மீட்டரில், 11 ஆண்டுகள் பழைய அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் 980 சதுர அடி வீடு ஒன்று இருவருக்குமே பிடித்திருக்கிறது. விலை 1.05 கோடி. 80 லட்சத்துக்குப் பத்திரம் போட்டுக்கொண்டு மீதி 25 லட்சத்தை ரொக்கமாகத் தரச் சொல்கிறார் உரிமையாளர். பத்திரச் செலவு மிச்சமாகும் என்கிறார் தரகர். எங்களிடம் வைப்புநிதியாக 22 லட்சமும் மியூச்சுவல் ஃபண்டில் 9 லட்சமும் உள்ளன. மாமனார் 5 லட்சம் தருவார். குறைவதற்கு நகையை அடகு வைக்கலாம் என்கிறார் அம்மா. இப்போதைய வீட்டுக்காரர் நான்கு மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் 2 லட்சம் டோக்கன் முன்பணம் கேட்கிறார்கள். அதே அடுக்ககத்தின் முதல் மாடியில் ஒரு வீடு 32,000 வாடகைக்கும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: கடிதத்தின் கடைசிக்கு முந்தைய வரியில் நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கும் அந்த முதல் மாடி வீட்டுக்குக் குடிபோங்கள் என்பதே என் ஆலோசனை. மூன்றாம் மாடி வீட்டை இந்த விலைக்கு, இந்த முறையில் வாங்க வேண்டாம். கடலருகே வாழ்வதும் கடலருகே சொத்து வைத்திருப்பதும் வெவ்வேறு செலவுகள். 14 மாதங்களாக நீங்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்து அலைந்திருக்கிறீர்கள். முதலாவது உங்கள் வருமானத்துக்குள் சுலபமாக அடங்குகிறது. இரண்டாவது இன்றைய நிலையில் அடங்கவில்லை.

முழு விலைக்கும் முறையாகப் பத்திரம் போட்டால் என்ன ஆகும் என்பதை முதலில் பார்ப்போம். கடன் தொகை 75 லட்சத்தைத் தாண்டினால் சொத்து மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் வங்கிகள் கடன் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே உங்களுக்கு அதிகபட்சமாக 78.75 லட்சம் கிடைக்கும், 26.25 லட்சத்தை நீங்கள் போட வேண்டும். மறுவிற்பனை வீடு என்பதால் முத்திரைத் தீர்வையும் மாற்றத் தீர்வையுமாக 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9.45 லட்சம் பதிவுத்துறைக்குப் போகும். இதற்கு வங்கி கடன் தராது. தரகருக்கு ஒரு சதவீதம் என்று வைத்தால் 1.05 லட்சம், வங்கிக் கட்டணத்துக்கும் வழக்கறிஞருக்கும் 50,000, பழைய வீட்டைக் குடியேறும் நிலைக்குக் கொண்டுவரக் குறைந்தது 4 லட்சம். எல்லாம் சேர்ந்து 41.25 லட்சம். மாமனார் தரும் பணத்தையும் சேர்த்து உங்களிடம் இருப்பது 36 லட்சம். கடைசி ரூபாய் வரை துடைத்துக் கொடுத்த பிறகும் 5.25 லட்சம் துண்டு விழுகிறது.

உரிமையாளர் சொல்லும் வழியில் போனால் செலவு குறையும் என்று தரகர் உங்களை நம்ப வைத்திருக்கிறார். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 80 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் பதிவுச் செலவு 7.2 லட்சமாகக் குறையும், மிச்சம் 2.25 லட்சம். ஆனால் வங்கிக்குத் தெரிந்த விலையும் 80 லட்சம்தான் என்பதால், 80 சதவீதம் கிடைத்தாலும் கடன் 64 லட்சத்தோடு நின்றுவிடும். அதாவது கடனில் 14.75 லட்சத்தை இழந்து பதிவில் 2.25 லட்சத்தை மிச்சம் பிடிக்கிறீர்கள். உங்கள் கையிலிருந்து கூடுதலாகப் போக வேண்டியது 12.5 லட்சம். நாளை நீங்கள் இந்த வீட்டை விற்கும்போது வருமான வரித்துறை உங்கள் கொள்முதல் விலையாக 80 லட்சத்தைத்தான் ஏற்கும். காகிதத்தில் இல்லாத 25 லட்சம் லாபமாகக் கருதப்பட்டு, இன்றைய 12.5 சதவீத விகிதத்திலேயே 3,12,500 ரூபாய் வரி வரும். மிச்சம் என்று சொல்லப்பட்டதைவிட இது அதிகம். அசையாச் சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது சட்டப்படி தடை செய்யப்பட்டது. ரொக்கத்தை வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதமாகலாம். கொடுத்த உங்களிடம் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். உங்கள் சேமிப்பு முழுவதும் வரி கட்டிய வெள்ளைப் பணம். அதை எடுத்து இன்னொருவருக்காகக் கறுப்பாக்கிக் கொடுப்பதில் உங்களுக்கு ஒரு பைசா ஆதாயமும் இல்லை.

அடுத்து மாதக் கணக்கு. 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு ஒரு லட்சத்துக்கான தவணை சுமார் 868 ரூபாய். 78.75 லட்சத்துக்கு ஏறத்தாழ 68,300 ரூபாய். கார் தவணையையும் சேர்த்தால் 79,800. இது உங்கள் இருவர் வருமானத்தில் 48 சதவீதம். வங்கி இதற்குச் சம்மதிக்கக்கூடும். ஆனால் கடன் தரலாமா என்று வங்கி பார்ப்பதும், அந்தக் கடனோடு இருபது ஆண்டுகள் நிம்மதியாகக் குடித்தனம் நடத்த முடியுமா என்று நீங்கள் பார்ப்பதும் ஒன்றல்ல. ஏதோ ஒரு காரணத்தால் ஆறு மாதம் ஒருவருக்குச் சம்பளம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சம்பளம் மட்டும் என்றால் தவணைக்கே போதாது. அவருடையது மட்டும் என்றால் மாதத்துக்கு 12,000 ரூபாயில் மூன்று பேர் சாப்பிட வேண்டும். அந்த நேரத்தில் வைப்புநிதியும் இருக்காது, ஃபண்டும் இருக்காது, நகையும் அடகுக் கடையில் இருக்கும். உங்கள் அம்மா நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் நகை என்பது வீடு வாங்கிய பிறகு வரும் ஆபத்துக்கு உதவ வேண்டியது. வீடு வாங்குவதற்கே அதை எடுத்துவிட்டால் பிறகு எடுக்க எதுவும் இராது.

இவ்வளவும் எந்த ஊர் வீட்டுக்கும் பொருந்தும் கணக்கு. கடலோர வீட்டுக்கென்று தனியாக ஒரு செலவு உண்டு. விற்பவரும் தரகரும் அதைப் பேசுவதில்லை. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியும் பால்கனிக் கைப்பிடியும் துருவேறும். ஏசியின் வெளிப்பெட்டியும் காரின் அடிப்பாகமும் உள்நாட்டில் உழைக்கும் அளவுக்கு உழைக்காது. இவையெல்லாம் சில்லறை. பெரிய விஷயம் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி. உப்பிலுள்ள குளோரைடு மெல்லமெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். அதனால்தான் ஐஎஸ் 456 என்ற இந்தியத் தரநிலை, கடலோரச் சூழலில் கட்டும் கம்பி கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரமுள்ள கலவையும் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடுதலும் வேண்டும் என்கிறது. 11 ஆண்டுகளுக்கு முன் இந்தக் கட்டடத்தில் அது கடைப்பிடிக்கப்பட்டதா என்பதை வெள்ளையடித்த சுவரைப் பார்த்துச் சொல்ல முடியாது. வண்டி நிறுத்தும் தளத்தில் தூண்களின் அடியையும், மொட்டை மாடியில் நீர்த்தொட்டியின் அடிப்பக்கத்தையும், சன்ஷேடுகளின் கீழ்ப்புறத்தையும் பாருங்கள். கம்பி ஓடும் கோட்டிலேயே பழுப்புக் கறையோ நீளமான விரிசலோ தெரிந்தால், தட்டும்போது பொள்ளலான ஓசை வந்தால், பழுது தொடங்கிவிட்டது என்று பொருள். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கட்டணம் கொடுத்து அழைத்துப் போய்க் காட்டினால், ஒரு கோடி ரூபாய் முடிவுக்கு அதைவிட மலிவான காப்பு வேறில்லை. தூணைச் சரிசெய்யும் செலவு உங்கள் வீட்டோடு நிற்காது. அடுக்கக உரிமையாளர் சங்கம் எல்லா வீட்டுக்காரர்களிடமும் பங்கு கேட்கும். ஆகவே சங்கத்தின் இருப்புநிதியில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் குழாயைத் திறந்து பார்த்ததை உங்கள் கணவர் கேலி செய்திருந்தால், அந்தக் கேலியை அவர் திரும்பப் பெற வேண்டும். கடற்கரை ஓரத்தில் மழை நன்றாகப் பெய்த ஆண்டில் இனிக்கும் ஆழ்துளைக் கிணறு, கோடையில் அதிகம் இறைத்தால் உவர்ப்பாகிவிடும். அப்போது லாரித் தண்ணீர், சுத்திகரிப்புக் கருவி, உப்புப் படிந்து கெட்டுப்போகும் கீசர் என்று செலவு தொடரும். சங்கத்தின் ஏப்ரல், மே மாதக் கணக்கை வாங்கி, லாரிக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இன்னொன்று: நீங்கள் வீடு பார்ப்பதெல்லாம் வார இறுதியில், கடற்காற்று வீசும் நேரத்தில். அந்த நேரத்தில் அங்கே எந்த வீடும் சொர்க்கமாகத்தான் தெரியும். திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு ஈசிஆரைக் கடந்து அலுவலகம் போவதும், கார்த்திகை மழையில் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும் வேறு கதை.

முதல் மாடி வாடகை வீட்டை நான் சொல்வது இதற்காகத்தான். 32,000 வாடகை என்றால் ஆண்டுக்கு 3.84 லட்சம். மேல்மாடி வீட்டை வாங்கினால் முதல் ஆண்டில் வட்டி மட்டுமே 6.6 லட்சத்தை ஒட்டி வரும். இப்போது கொடுப்பதைவிட மாதம் 4,000 கூடுதலாகக் கொடுத்து அதே காற்றையும், அதே தண்ணீரையும், அதே அண்டை வீட்டாரையும் பதினொரு மாதம் அனுபவித்துப் பார்க்கலாம். நான்கு மாத நெருக்கடியும் தீரும். வாடகை வீண் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். வட்டியும் திரும்பி வராத பணம்தான் என்பதை அவர்களிடம் பணிவாக நினைவூட்டலாம். விலை ஏறிவிடாதா என்றால், ஏறுவது நிலம், தேய்வது கட்டடம். இந்த வீட்டோடு உங்களுக்கு வரும் பிரிபடாத நிலப்பங்கு, அதாவது அடுக்ககம் நிற்கும் நிலத்தில் உங்கள் பங்கு, எத்தனை சதுர அடி என்பதைக் கடிதத்தில் நீங்கள் குறிப்பிடவே இல்லை. அதைக் கேட்காமல் விலை பேசியிருக்கக்கூடாது. அந்த நிலமும் உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல்நீர் ஏறி வரும் எல்லை) 500 மீட்டருக்குள் இருப்பதால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளுக்கு உட்பட்டது. கட்டடம் முதிர்ந்து இடித்துக் கட்ட வேண்டிய நாளில் என்ன கட்டலாம் என்பதை அந்த விதிகளும் தீர்மானிக்கும்.

உங்களுக்குத் தாங்கும் விலை எது? இருவர் வருமானத்தில் எல்லாத் தவணைகளும் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வைத்தால், கார் போக வீட்டுக்கு 54,900 ரூபாய் கிடைக்கும். அது 63 லட்சம் கடனைத் தாங்கும். கையிலுள்ள 36 லட்சத்தில் 7 லட்சத்தை எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது என்று ஒதுக்கி, பதிவு, தரகு, சிறு பழுதுகள் எல்லாவற்றையும் கழித்தால், வீட்டின் விலை ஏறத்தாழ 80 லட்சத்தில் வந்து நிற்கிறது. ஈசிஆருக்கு மேற்கே, மாலையில் மகளை அழைத்துக்கொண்டு கடலுக்கு நடந்து போகும் தூரத்தில் இந்த விலைக்குத் தேடுங்கள். பால்கனியிலிருந்து கடல் தெரியாது என்பதை உங்கள் கணவர் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். இரண்டு ஆண்டில் கார் கடன் முடிந்தால், அந்த 11,500 ரூபாய் மேலும் 13 லட்சம் கடனுக்கு இடம் கொடுக்கும். அப்போதும் மூன்றாம் மாடி போன்ற வீடே வேண்டும் என்று தோன்றினால், அந்தத் தெருவில் குடியிருந்தவர்களாக நீங்கள் பேரம் பேசுவீர்கள்.

எப்போது வாங்கினாலும் இருவர் பெயரிலும் வாங்குங்கள். கடன் அளவுக்கு இருவருக்கும் டேர்ம் காப்பீடு (உயிரிழப்புக்கு மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுங்கள். வீட்டுக்கான பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி புயல், வெள்ளம், சுனாமி மூன்றுக்கும் இழப்பீடு தரும். உப்பால் நாளடைவில் வரும் அரிப்புக்குத் தராது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதத்தை டிடிஎஸ் என்னும் வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டியது வாங்கும் உங்கள் பொறுப்பு. விற்பவர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால், ஈசிஆர் பக்கம் இது அபூர்வமல்ல, பிடித்தம் இதைவிடப் பல மடங்கு. அதனால் அவருடைய வரிக் குடியிருப்பு நிலையை எழுத்தில் வாங்குங்கள்.

இனி அந்த 2 லட்சம் டோக்கன். மூலப் பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) அனுமதி பெற்ற வரைபடம், கட்டட நிறைவுச் சான்று, கடலோர மண்டல அனுமதி ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். முழு விலைக்கும் பத்திரம் போடுவதாகவும், வங்கி கடன் மறுத்தால் முன்பணத்தைத் திருப்பித் தருவதாகவும் எழுதிக் கையெழுத்திட முடியுமா என்றும் கேளுங்கள். இதற்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குள் நேரமில்லை என்று தரகர் சொன்னால், அன்று மாலை முதல் மாடி வீட்டுக்காரரைப் பார்த்து வாடகை ஒப்பந்தம் பேசிவிட்டு வாருங்கள்.