பர்வதமலைக்கு ரோப் கார்

ஐயா,

திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். கடப்பாரைப் பாதை இருக்கிறபடியே இருக்கட்டும், மேலே போக இயந்திரம் எதுவும் வேண்டாம் என்று முடித்திருந்தீர்கள். எனக்குச் சொந்த ஊர் சோளிங்கர். பெரிய மலைக்கு 1,305 படி. முழங்கால் வலியால் என் அம்மா பல வருடங்களாக அடிவாரத்திலேயே கற்பூரம் ஏற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். 2024இல் ரோப் கார் வந்தபின் மேலே போய் யோக நரசிம்மரைப் பார்த்தார். இப்போது பர்வதமலைக்குப் போக வேண்டும், மல்லிகார்ஜுனருக்குத் தன் கையால் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்கிறார். எங்கள் மலைக்கு வந்தது அங்கே மட்டும் ஏன் வரக்கூடாது? ஏற முடிந்தவர்களின் திமிரைத்தான் நீங்கள் எழுத்தாக்கியிருக்கிறீர்களா?

மு., சோளிங்கர்

*

அன்புள்ள மு.,

வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்தபோது உங்கள் மலையும் இந்த மலையும் ஒரே கலெக்டரின் கீழ் இருந்தன. 1989இல் திருவண்ணாமலை தனியாகப் போனது. 2019இல் உங்கள் ஊர் ராணிப்பேட்டையோடு போனது. வேலூர்க்காரனான எனக்கு இரண்டும் இன்னும் உள்ளூர் மலைகள்தான். அதனால் சோளிங்கரைக் கண்டு பொறாமைப்பட்டு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் மலைக்கு ரோப் கார் வந்தது சரி. இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும் என்றுகூடச் சொல்வேன். அங்கே படி கட்டியிருக்கிறது, மண்டபம் இருக்கிறது, அர்ச்சகர் இருக்கிறார், பூஜைக்கு நேரம் இருக்கிறது. கார்த்திகை ஞாயிற்றுக்கிழமைகளின் கூட்டத்தைச் சமாளித்துப் பழகிய மலை அது. ரோப் கார் வந்து அங்கே எதையும் கலைத்துவிடவில்லை.

பர்வதமலை வேறு மாதிரி. தென்மாதிமங்கலம் பக்கமிருந்து ஏறினாலும் கடலாடி பக்கமிருந்து ஏறினாலும் முதலில் காடு, பிறகு ஒழுங்கில்லாத கல், கடைசியில் செங்குத்துப் பாறை. அந்தப் பாறையில் கடப்பாரைகளை அடித்து, இடையிடையே சங்கிலி கட்டியிருக்கிறார்கள். கடப்பாரையைப் பிடித்துக் காலைத் தூக்கி வைத்து, அடுத்த கடப்பாரைக்குக் கையை நீட்ட வேண்டும். இப்போது இரும்பு ஏணிகளும் கைப்பிடிக் கம்பிகளும் இருக்கின்றன. என்றாலும் நண்பகல் வெயிலில் அந்த இரும்பைத் தொட்டுப் பார்த்தவர்கள் இரண்டாம் முறை அதிகாலையில்தான் கிளம்புவார்கள். உச்சி கடல் மட்டத்திலிருந்து 4,500 அடிக்கு மேல். குறுகலான பாறை முதுகில் கோயில் உட்கார்ந்திருக்கிறது, சுற்றிலும் பள்ளம். குடிக்கிற தண்ணீரை நாமேதான் சுமந்துகொண்டு போகிறோம்.

இனி அம்மாவின் சொம்புத் தண்ணீருக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். வேறு எத்தனையோ பெரிய கோயில்களில் கிடைக்காத ஒன்றை அவர் கேட்கிறார். பர்வதமலையில் ஏறி வந்தவர் எவராக இருந்தாலும் கருவறைக்குள் போய், லிங்கத்தைத் தொட்டு, கொண்டுவந்த தண்ணீரையோ பாலையோ தானே ஊற்றலாம். என்ன சாதி, என்ன கோத்திரம் என்று எவரும் கேட்பதில்லை. இதை எந்தச் சட்டமும் போராட்டமும் கொண்டுவந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஏறி வருகிறவர்கள் குறைவு, வந்தவர்கள் களைத்திருக்கிறார்கள், மேலே அதிகாரம் செய்ய ஆளில்லை. இவை மூன்றும் சேர்ந்துதான் அந்த வழக்கத்தைக் காப்பாற்றி வருகின்றன.

ரோப் கார் வந்தால் என்ன ஆகும்? கயிற்றில் தொங்கி வரும் ஒவ்வொரு பெட்டியும் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும். அவர்கள் நிற்க அந்தப் பாறையில் இடம் இல்லை. இடம் வேண்டுமென்றால் பாறையை உடைக்க வேண்டும். அடுத்தது கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, கடை. கூட்டம் சேர்ந்த இடத்தில் வரிசை வரும், வரிசைக்குக் கம்பி வரும், கம்பிக்கு அந்தப் பக்கம் சிறப்பு தரிசன டிக்கெட் வரும். ஒரு வருடத்துக்குள் கருவறை வாசலில் கயிறு கட்டி, ‘தொடாதீர்கள்’ என்று பலகை வைத்துவிடுவார்கள். அம்மா மேலே போய்ச் சேர்ந்திருப்பார். சொம்பை வாசலிலேயே யாரோ வாங்கி வைத்துக்கொள்வார்கள். அவர் எதற்காகப் போக நினைக்கிறாரோ அதுவே அங்கே இருக்காது.

திமிர் என்றீர்கள். உச்சியில் நின்று இரண்டு கையையும் விரித்துப் படம் எடுத்துக்கொள்கிறவர்களிடம் அது கொஞ்சம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மலையேறுவதைத் தனி ஆளின் சாகசமாகப் பார்ப்பது நமக்குப் பழைய பழக்கம் இல்லை. செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம் நவிரமலையைச் சொல்கிறது. அங்கே உறையும் நஞ்சுண்ட கடவுளையும் சொல்கிறது. அந்த நவிரம் இந்தப் பர்வதமலைதான் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. 583 அடிகள் கொண்ட அந்தப் பாட்டில் பெரும்பகுதி வழி சொல்வதுதான். கேட்கிறவர்கள் வீரர்கள் இல்லை; சுற்றத்தோடு, வாத்தியங்களைச் சுமந்துகொண்டு, பசியோடு வரும் கூத்தர்கள். பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், பார்த்துப் போங்கள். தினைப்புனம் காப்பவர்கள் கவண்கல் எறிவார்கள், ஒதுங்குங்கள். பாசி வழுக்கும், மெல்லிய மூங்கிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். குறவர்களே திகைக்கிற இடத்தில் வழி தவறிவிட்டால் நடக்காதீர்கள், அகலமான பாறையில் கூடி உட்கார்ந்து வாத்தியத்தை வாசியுங்கள். சத்தம் கேட்டு மலைக்காரர்கள் வந்து வழி காட்டுவார்கள். இன்றைக்குக் காட்டில் வழி தவறியவர்களுக்கு மீட்புக்காரர்கள் சொல்வதும் இதுதான்: இருக்கிற இடத்தில் இரு, சத்தம் கொடு.

அம்மாவுக்கு என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். ஏற முடியாதவர்களுக்கும் இந்த மலையில் இடம் உண்டு. மார்கழி முதல் நாள் மலையைச் சுற்றிக் கிரிவலம் நடக்கிறது. இருபது கிலோமீட்டருக்கு மேல் வரும், அவர் முழங்காலுக்கு ஆகாது. ஒரு ஆட்டோ பேசிச் சுற்றிவிடலாம், மார்கழிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். கடலாடியில் கரைகண்டேஸ்வரர் இருக்கிறார், அடிவாரத்தில் பச்சையம்மன் இருக்கிறாள். சொம்பை நீங்கள் எடுத்துப் போய் ஊற்றுங்கள். வீட்டில் ஏற முடியாதவர் கொடுத்தனுப்பிய தண்ணீரும் வில்வமும் அங்கே நாள்தோறும் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன. இந்த ஏற்பாடு அம்மாவுக்குப் போதாமல் இருக்கலாம். அதற்கு என்னிடம் வேறு பதில் இல்லை. அவருடைய ஆசைக்காக அந்தக் கருவறை வாசலை மூடவைக்க என்னால் சம்மதிக்க முடியாது, அவ்வளவுதான்.

நீங்கள் ஏறுவதாக இருந்தால் பௌர்ணமியன்று வேண்டாம், கூட்டத்தில் கடப்பாரைக்குக் காத்து நின்றே கால் கடுத்துவிடும். மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம். மூலிகைக் காற்று பட்டால் சர்க்கரை நோய் தீரும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். கையில் பை தொங்கவிடாதீர்கள், குரங்கு பிடுங்கிக்கொண்டு போகும், முதுகில் மாட்டுங்கள். காட்பாடியிலிருந்து விழுப்புரம் ரயில் போளூரில் நிற்கும், அங்கிருந்து பஸ். எத்தனை மணிக்கு ஏற விடுகிறார்கள் என்பது அவ்வப்போது மாறுகிறது, வனத்துறையிடம் முதல் நாளே விசாரித்துவிடுங்கள். போய்வந்த பிறகும் ரோப் கார் வேண்டும் என்றே தோன்றினால் அதையும் எழுதுங்கள், வெளியிடுகிறேன்.