கேம் செய்தவருக்குப் பயன்படும் விமர்சனம்

கேள்வி: நண்பர் ஒருவர், கதை கேம்கள் செய்ய உதவும் மென்பொருளான ஆர்பிஜி மேக்கர் எம்வியில் மாயாஜாலக் கதை ஒன்றை கேமாகச் செய்து, "விளையாடிவிட்டுச் சொல்" என்று கொடுத்திருக்கிறார். இரண்டு மணி நேரத்தில் சலித்துவிட்டது. மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

பதில்: எந்த இடத்தில் சலித்தது என்று சொல்லுங்கள். மனம் நோகாமல் இருக்க அதுவே பாதி வழி. "போர் அடித்தது" என்பதை வைத்துக்கொண்டு அவரால் ஒன்றும் திருத்த முடியாது. "குகையின் இரண்டாம் தளத்தில் வழி தேடும்போது ஓயாமல் சண்டை வந்தது, எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன் என்பதே மறந்துவிட்டது" என்றால் உடனே அந்த மேப்பைத் திறந்து பார்ப்பார். எதிரிகள் வருவதற்கான சராசரி இடைவெளி, மென்பொருள் தானாகத் தரும் 30 காலடியிலேயே இருக்கக்கூடும். நேர்வழிக்கு அது சரி. முட்டுச்சந்துகள் நிறைந்த குகைக்கு மிகக் குறைவு.

விளையாடும்போது பக்கத்தில் ஒரு தாள் இருக்கட்டும். நேரம், இடம், லெவல், கையிருப்புப் பொன், செத்த இடம், கடைசிவரை தொடாத மந்திரங்கள் எல்லாவற்றையும் குறியுங்கள். வழி தெரியாமல் நின்றால் உடனே நண்பரைக் கேட்காதீர்கள். பத்து நிமிடம் நீங்களே தேடுங்கள். எங்கெங்கே போய்ப் பார்த்தீர்கள் என்பது அவருக்கு வேறெங்கும் கிடைக்காத தகவல்.

கதைக்கு ஒரு சோதனை உண்டு. விளையாடி முடித்து மறுநாள், கேமைத் திறக்காமல், கதையை ஐந்து வரியில் எழுதிக் கொடுங்கள். புதிதாகச் செய்பவர்கள் பலர் தொடக்கத்திலேயே நான்கு ராஜ்ஜியங்கள், ஏழு தெய்வங்கள், ஆயிரம் ஆண்டு யுத்தம் என்று கொட்டிவிடுவார்கள். உங்கள் ஐந்து வரியில் அவற்றில் ஒன்றுகூட இல்லையென்றால், அந்த முன்னுரை மனதில் தங்கவில்லை என்று அவருக்கே புரிந்துவிடும்.

பிடித்ததையும் இதே துல்லியத்தோடு எழுதுங்கள். சொல்லாமல் விட்டால், அடுத்த பதிப்பில் அதையே வெட்டிவிட வாய்ப்புண்டு. "ஆயுதம் செய்யும் வசதி சேர்க்கலாம், மீன்பிடி சேர்க்கலாம்" என்ற யோசனைகளை அவர் கேட்டால் ஒழியச் சொல்ல வேண்டாம். தனி ஆளுக்கு ஒவ்வொன்றும் பல வார வேலை.

கேள்வி: கேமில் பக், அதாவது பிழை, இருந்தால் எதையெல்லாம் எழுதி அனுப்ப வேண்டும்?

பதில்: பதிப்பு எண், மேப்பின் பெயர், அதற்குச் சற்று முன் செய்த காரியங்கள் வரிசையாக, திரையின் படம். விளையாடிய நிலையைச் சேமித்துவைக்கும் சேவ் ஃபைலும் அவசியம்: எம்வியில் செய்த கேமைக் கணினியில் விளையாடினால், பெரும்பாலும் 'சேவ்' ஃபோல்டரில் 'ஆர்பிஜிசேவ்' என்று முடியும் ஃபைலாக இருக்கும்.

"ஹேங் ஆகிவிட்டது" என்று மட்டும் எழுதாதீர்கள். இசை ஓடுகிறது, ஆனால் நாயகன் நகரவில்லை, மெனுவும் திறக்கவில்லை என்றால், ஆட்டோரன் ஈவென்ட் (தானாகவே ஓடும் நிகழ்வு) ஒன்று முடியாமல் சுற்றுகிறது என்று சந்தேகிக்கலாம். அது மறுபடி ஓடாமல் தடுக்க, முடிவில் செல்ஃப் சுவிட்சை (அந்த நிகழ்வுக்கே உரிய சுவிட்சை) ஆன் செய்ய நண்பர் மறந்திருப்பார். இசையும் நின்று பிழைச்செய்தி வந்தால் அது வேறு கோளாறு. செய்தியை எழுத்துப் பிசகாமல் அனுப்புங்கள்.

கேள்வி: கேம் செய்தவன் நான். அதில் வரும் ஒரே பாஸைப் (பெரிய எதிரியை) பற்றி ஒருவர் "அடிக்கவே முடியவில்லை" என்கிறார், இன்னொருவர் "சப்பென்று இருந்தது" என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இருவரையும் நம்புங்கள். லெவல் என்ன, கையில் எந்த ஆயுதம் என்று மட்டும் கேளுங்கள். எம்வியில் சாதாரண அடிக்கான இயல்பான சூத்திரம், தாக்குதல் × 4 − தற்காப்பு × 2. பாஸின் தற்காப்பு 30 என்று வைப்போம். நாயகனின் தாக்குதல் 20 என்றால் சேதம் 80 − 60 = 20. தாக்குதலை 5 கூட்டும் வாள் வாங்கியவருக்கு 100 − 60 = 40. ஐந்தே புள்ளியில் அடி இரட்டிப்பு! 400 எச்பி (உயிர்ப்புள்ளி) உள்ள பாஸுக்கு ஒருவர் 20 அடி அடிக்க, மற்றவர் 10 அடியில் முடிக்கிறார். (ஒவ்வொரு அடியின் சேதமும் தானாக 20 சதவீதம் வரை கூடிக் குறையும்; அதை இங்கே விட்டுவிட்டோம்.)

கழித்தல் சூத்திரத்தின் இயல்பே இது; பாஸின் எச்பியைக் குறைத்தால் முதலாமவருக்கு நிம்மதி, இரண்டாமவருக்கு இன்னும் சப்பென்றாகும். அந்த வாளை எல்லோரும் கடக்கும் வழியில் ஒரு பெட்டியில் வைத்துவிடலாம். இல்லையென்றால் தாக்குதலின் வர்க்கத்தை 4 ஆல் பெருக்கி, தாக்குதல், தற்காப்பு இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்கலாம். அப்போது அதே இருவருக்கும் சேதம் 32, 45 என்று நெருங்கிவரும். ஆனால் சூத்திரத்தை மாற்றினால் மற்ற எதிரிகளின் எச்பியையும் மறுபடி சரிபார்த்தாக வேண்டும். கேம் பாதிக்கு மேல் முடிந்திருந்தால் பெட்டியே மேல்.