உரை முன்மொழிவில் ஆத்தங்குடிக் கல்லுக்கு எத்தனை வரி?

கேள்வி: காரைக்குடி அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் விரிவுரையாளராக இருக்கிறேன். இறுதியாண்டு மாணவர்கள் இருவருடன் சேர்ந்து, ஆத்தங்குடி டைல்ஸைப் படமெடுத்து அதில் விரிசலையும் நிறம் கலங்கிய இடத்தையும் கண்டுபிடிக்கும் நிரல் ஒன்றை, பல வகைச் சிப்புகளிலும் ஓடும் நிரல் எழுத உதவும் ஓப்பன்சிஎல்லில் எழுதியிருக்கிறோம். லேப்டாப்பிலும், ஆர்ம் நிறுவனத்தின் மாலி ஜிபியூ (வரைகலைச் செயலி) உள்ள ஒரு சிறிய போர்டிலும் ஓடுகிறது. ஓப்பன்சிஎல், அதன் உறவான சிக்கில் ஆகிய தொழில்நுட்பங்களுக்கான பன்னாட்டுப் பயிலரங்குக்கு உரை முன்மொழிவு அனுப்ப ஆசை. எந்தப் பிரிவில் அனுப்பலாம்? சுருக்கத்தில் என்ன எழுதுவது? ஊர்ப் பெயரையும் கல்லூரிப் பெயரையும் பார்த்ததுமே ஒதுக்கிவிடுவார்களோ என்று மாணவர்கள் பயப்படுகிறார்கள். (லேப்டாப்பில் வேகத்தைக் கூட்டிய ஒரு மாற்றம் போர்டில் வேகத்தைக் குறைத்துவிட்டது. அதைச் சரிசெய்த பிறகுதான் அனுப்ப வேண்டுமா?)
– வாசகர், கண்டனூர்

பதில்: அடைப்புக்குறிக்குள் கூச்சத்தோடு எழுதியிருக்கிறீர்களே, உங்கள் உரையே அதுதான். தயவுசெய்து அவசரப்பட்டுச் சரிசெய்துவிடாதீர்கள். சரிசெய்தே ஆக வேண்டுமென்றால் பழைய நிரலையும் புதியதையும் தனித்தனியாகப் பத்திரப்படுத்திக்கொண்டு செய்யுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். இந்தப் பயிலரங்கு 2013-ல் அட்லாண்டாவில், ஜார்ஜியா டெக் வளாகத்தில் தொடங்கியது. ஓப்பன்சிஎல் தர வரையறையின் முதல் பதிப்பு வந்தது 2008 டிசம்பரில். ஒரு முறை எழுதினால் எந்த நிறுவனத்தின் சிப்பிலும் ஓடும் என்பதுதான் அது கொடுத்த வாக்கு. அரங்கில் வந்து உட்காருகிறவர்கள் யார் என்று பாருங்கள்: குரோனோஸ் குழுமத்தில் அந்த வரையறையை வரிவரியாக விவாதித்து எழுதுகிறவர்கள், சிப் நிறுவனங்களில் டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) எழுதுகிறவர்கள், கம்பைலர்காரர்கள், ஆய்வகங்களிலிருந்து வரும் பயனாளர்கள். விரிசலைக் கண்டுபிடிக்கும் நிரல்களை அவர்கள் நிறையவே பார்த்திருப்பார்கள். சாலையில் விரிசல், பாலத்தில் விரிசல், இப்போது தரைக்கல்லில் விரிசல். அதற்காக யாரும் நாற்காலி நுனிக்கு வரமாட்டார்கள். கொடுத்த வாக்கு உங்கள் மேசையில் எந்த இடத்தில் பிசகியது என்று சொன்னால் வருவார்கள்.

பிசகிய காரணத்தை என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. படத்தைத் துண்டு துண்டாக லோக்கல் மெமரிக்கு நகலெடுத்து, அங்கிருந்து அண்டைப் புள்ளிகளைப் படிக்கும்படி கர்னலை, அதாவது ஜிபியூவில் ஓடும் நிரல்பகுதியை, மாற்றியிருப்பீர்கள். பாடப் புத்தகங்கள் சொல்லும் முறை அதுதான். பெரும்பாலான லேப்டாப் ஜிபியூக்களில் லோக்கல் மெமரி சிப்புக்குள்ளேயே இருக்கும் தனிப் பகுதி. ஒரே புள்ளியைப் பலமுறை படிக்கும்போது அந்த நகல் லாபம் தரும். மாலியில் அப்படித் தனிப் பகுதி கிடையாது. லோக்கல் மெமரி என்று நீங்கள் கேட்பது பொது நினைவகத்திலேயே ஒதுக்கப்படுகிறது. அண்மையில் படித்ததைத் தானே பக்கத்தில் வைத்துக்கொள்ளும் கேஷ் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலையை நீங்கள் கையால் இன்னொரு முறை செய்கிறீர்கள். போதாக்குறைக்கு, நகல் முடியும்வரை குழுவில் எல்லாரும் காத்திருக்க ஒரு தடுப்பும் வைக்கிறீர்கள். வேகம் குறையாமல் என்ன செய்யும்?

ஆனால் இதை மட்டும் எழுதி அனுப்பினால் மதிப்பீட்டாளர் "தெரிந்த விஷயம்" என்று எழுதி மூடிவிடுவார். ஆர்ம் நிறுவனமே தன் வழிகாட்டியில் இதைச் சொல்லியிருக்கிறது. புதிதாக எதைச் சொல்லலாம் என்றால், ஓப்பன்சிஎல் வரையறையில், லோக்கல் மெமரி தனி வன்பொருளா, பொது நினைவகமா என்று கருவியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வசதி இருக்கிறது. உங்கள் நிரல் அதைக் கேட்கிறதா? கேட்டு, வரும் பதிலுக்கு ஏற்ப இரண்டு கர்னல்களில் ஒன்றை எடுத்துக்கொண்டால் எல்லா இடத்திலும் சரியாக வருகிறதா? ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்றுக்கு மூன்று பரப்பைப் பார்க்கும் வடிகட்டிக்கு வரும் முடிவு பதினைந்துக்குப் பதினைந்துக்கும் பொருந்துகிறதா? அந்த ஒரு கேள்வியை மட்டும் நம்பி நிரல் முடிவெடுக்கலாமா, போதாதா? இதற்கு அளவீட்டோடு ஒரு பதில் வைத்திருந்தால், வரையறை எழுதுகிறவர் உங்களை வராந்தாவில் நிறுத்திப் பேசுவார். இன்னொரு யோசனை: பிஓசிஎல் என்ற திறந்த மூலச் செயலாக்கம் சாதாரண சிபியூவிலேயே ஓப்பன்சிஎல்லை ஓட்டும். காசு செலவில்லாமல் மூன்றாவது கருவி கிடைத்துவிடும். இரண்டு கருவிகளை வைத்துச் சொன்னால் தற்செயல் என்பார்கள். மூன்று என்றால் கொஞ்சம் காது கொடுப்பார்கள்.

பிரிவைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ஆய்வுக் கட்டுரை என்றால் முந்தைய ஆய்வுகளை அலசி, வாதத்தை முழுமையாகக் கட்ட வேண்டும். இந்த ஆண்டுக்குள் உங்களால் ஆகாது. தொழில்நுட்ப உரை பொருந்தும். போஸ்டராக ஏற்றாலும் சம்மதமா என்று படிவத்தில் கேட்டிருந்தால் ஆம் என்று குறியுங்கள். மாணவர்களுக்கு அதுவும் நல்ல மேடைதான்: ஒவ்வொருவராக வந்து நின்று கேட்பார்கள், சபைக் கூச்சம் இருக்காது.

இனி சுருக்கம். நீங்கள் இணைத்திருந்த வரைவு இப்படித் தொடங்குகிறது: "செட்டிநாட்டின் பாரம்பரியப் பெருமைக்குச் சான்றாக விளங்கும் ஆத்தங்குடி டைல்ஸ் உலகப் புகழ் பெற்றது. இன்றைய நவீன உலகில் செயற்கை நுண்ணறிவு எல்லாத் துறைகளிலும் இன்றியமையாததாகிவிட்டது." இந்த வரைவில் ஓப்பன்சிஎல் என்ற சொல் ஒன்பதாவது வரியில்தான் வருகிறது. நம் பக்கத்துப் பெரிய வீடு மாதிரி முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் கடந்துதான் அடுப்படிக்கு வர வேண்டியிருக்கிறது. மதிப்பீட்டாளர் வேலை முடிந்து இரவில் உட்கார்ந்து, அடுக்கடுக்காகச் சுருக்கங்களைப் படிக்கிறார். முகப்பிலேயே இலை போட்டுவிடுங்கள். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"படப் பகுப்பாய்வுக்கான ஒரே ஓப்பன்சிஎல் கர்னலை மூன்று கருவிகளில் ஓட்டினோம். லோக்கல் மெமரிக்கு நகலெடுக்கும் உத்தி லேப்டாப் ஜிபியூவில் வேகத்தைக் கூட்டியது, மாலியில் குறைத்தது. லோக்கல் மெமரியின் வகையைக் கருவியிடம் கேட்டு, ஓடும்போதே கர்னலைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சோதித்தோம். எந்த வடிகட்டி அளவுவரை அது சரியாக முடிவெடுக்கிறது, எங்கே தவறுகிறது என்பதை இந்த உரை காட்டும். சோதனைக்கு எடுத்துக்கொண்டவை கையால் வார்க்கப்படும் சிமென்ட் டைல்ஸின் படங்கள். ஒன்று போல் ஒன்று இராததால் அச்சுப்படத்தோடு ஒப்பிட்டுக் குறை காண முடியாது, அகன்ற அண்டைப் பரப்பை அலச வேண்டியிருக்கிறது."

ஆத்தங்குடிக் கல் கடைசி இரண்டு வாக்கியங்களில்தான் வருகிறது, ஆனால் வேலையோடு வருகிறது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, வண்ணச் சாந்தைக் கையால் ஊற்றுகிறார்கள். அதனால்தான் கோடு கல்லுக்குக் கல் சற்று விலகுகிறது. அதனால்தான் உங்களுக்குப் பெரிய வடிகட்டி தேவைப்படுகிறது. அதனால்தான் லோக்கல் மெமரி சிக்கலே எழுந்தது. இந்தச் சங்கிலியைச் சொன்னால் ஊர்ப் பெருமை தானாக வந்துவிடும். அரங்கில் ஒரு படம் காட்டுங்கள், தாராளமாக. பட்டறைக்காரரிடம் படத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். உரைப் படங்கள் பிறகு பொதுவில் வெளியாகும்.

என் வாக்கியங்களில் உள்ள முடிவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அளந்து பார்த்து உங்களுக்கு வருவதை எழுதுங்கள். அளக்கும்போது முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், கம்பைல் ஆகும் நேரம் அதில் கலந்திருக்கலாம். பலமுறை ஓட்டி நடுமதிப்பை எடுங்கள். படத்தைக் கருவிக்கு அனுப்பும் நேரம் சேர்ந்ததா, சேராததா என்று சொல்லுங்கள். போர்டில் சிபியூவும் ஜிபியூவும் ஒரே நினைவகத்தைப் பகிர்வதால் இந்த ஒரு விவரம் முடிவையே புரட்டிப் போடும். சித்திரை வெயிலில் மின்விசிறி இல்லாத அறையில் அளந்த எண்ணையும், காலை ஆறு மணிக்கு அளந்த எண்ணையும் ஒரே அட்டவணையில் வைக்காதீர்கள். சிறிய போர்டு சூடேறினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஒரு சொல்லில் மட்டும் எச்சரிக்கை தேவை. உங்கள் வரைவில் "ஓப்பன்சிஎல் தரத்துக்கு முற்றிலும் இணக்கமான எங்கள் மென்பொருள்" என்று இருக்கிறது. அந்த வட்டாரத்தில் 'இணக்கம்' என்பது, குரோனோஸின் சோதனைத் தொகுப்பில் தேறி, முறைப்படி பதிவு பெற்ற செயலாக்கங்களுக்கு மட்டும் உரிய அடைமொழி. டிரைவர்தான் அந்தச் சான்றைப் பெறும். அதன் மேல் ஓடும் உங்கள் நிரலுக்கு அது பொருந்தாது. 'ஓப்பன்சிஎல்லில் எழுதப்பட்டது' என்று சொன்னால் போதும். அதே போல, ஓப்பன்சிஎல் 3.0 என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். 2020-ல் வந்த அந்தப் பதிப்பு, 1.2-க்குப் பிறகு சேர்ந்த அம்சங்களில் பெரும்பாலானவற்றை விருப்பத்துக்கு விட்டுவிட்டது. எந்தெந்த விருப்ப அம்சங்களைப் பயன்படுத்தினீர்கள் என்று ஒரு வரி இருந்தால், எழுதியவர் வரையறையைப் படித்திருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

ஊர்ப் பெயர் பயத்துக்கு வருகிறேன். பெயர் தெரிந்த ஆய்வகத்திலிருந்து வரும் சுருக்கத்துக்கு ஒரு கனிவு கிடைக்கும். இல்லை என்று நான் பூசி மெழுகமாட்டேன். ஆனால் முன்மொழிவுகளை மதிப்பிட உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சொல்ல ஒரு விஷயம் இருக்கும் சுருக்கம் குறைவாகவே வருவதால், வந்தால் கண்ணில் படாமல் போகாது. தன்விவரத்தில் பட்டங்களை அடுக்க வேண்டாம். நீங்களும் மாணவர்களும் இந்த நிரலில் யார் எதை எழுதினீர்கள் என்று இரண்டு வரி. மாணவர்கள் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். நிரலைத் திறந்தே பார்க்காத துறைத் தலைவரின் பெயரை மரியாதைக்காகச் சேர்க்கும் பழக்கம் நம் கல்லூரிகளில் இருக்கிறது. அவரை நன்றியுரையில் கும்பிட்டுக்கொள்ளலாம். அரங்கில் அவர் பெயரைச் சொல்லி ஒருவர் கேள்வி கேட்டால் சங்கடம் அவருக்குத்தான்.

கடைசித் தேதியோடு 'ஏஓஈ' என்று போட்டிருந்தால், பூமியில் எங்கேனும் அந்த நாள் முடியாமல் இருக்கும்வரை அனுப்பலாம் என்று பொருள். இரவு 11.59 ஏஓஈ என்பது நமக்கு மறுநாள் மாலை 5.29. அந்த மாலைக்காகக் காத்திருக்க வேண்டாம். மின்வெட்டு நாள் பார்த்து வருவதில்லை.

பயிலரங்கு பெரும்பாலும் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோதான் நடக்கிறது. ஏற்கப்பட்டால் ஒருவராவது பதிவுக் கட்டணம் கட்டி நேரில் போய்ப் பேச வேண்டியிருக்கும். பாஸ்போர்ட் இல்லாத மாணவர் இப்போதே விண்ணப்பிக்கட்டும். சிவகங்கை மாவட்டத்துக்கு மதுரை அலுவலகம். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், அழைப்புக் கடிதத்தை ஏற்புக் கடிதம் வந்த அன்றே கேளுங்கள். கட்டணச் சலுகை உண்டா என்று அமைப்பாளர்களுக்கு எழுதிக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. பணம் புரளவில்லை என்றால், இதே உரையைக் கொஞ்சம் மாற்றி, இந்தியாவிலேயே நடக்கும், உயர்திறன் கணிப்புக்கான ஹைபிசி மாநாட்டின் மாணவர் அமர்வுக்கோ, பெங்களூரின் திறந்த மூல மென்பொருள் மாநாடான இந்தியாஃபாஸுக்கோ அனுப்பலாம். ஹைபிசியில் அளவீட்டு முறையை விரிவாகக் கேட்பார்கள். இந்தியாஃபாஸில் நிரல் திறந்த உரிமத்தில் வெளியாகியிருக்கிறதா என்பதே முதல் கேள்வியாக இருக்கும்.

இதைப் படித்து முடித்ததும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. லேப்டாப்பிலும் போர்டிலும் இப்போதிருக்கும் டிரைவர் பதிப்பு எண், இயங்குதளப் பதிப்பு இரண்டையும் ஒரு கோப்பில் குறித்துக்கொண்டு, தானியங்கி அப்டேட்டை நிறுத்தி வையுங்கள். டிரைவர் மாறினால் அந்த வேகக் குறைவும் மாறிவிடலாம். பிறகு பழைய எண்கள் எதிலிருந்து வந்தன என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.