2000 அமெரிக்க அதிபர் தேர்தலில் மறு எண்ணிக்கையை நீதிமன்றம் ஏன் நிறுத்தியது?

மறு எண்ணிக்கை என்றால், எண்ணி முடித்த வாக்குச்சீட்டுகளை மீண்டும் எண்ணுவது. கேட்க எளிதுதான். ஆனால் 2000இல், அதிபர் யார் என்பதையே முடிவு செய்யவிருந்த ஃபுளோரிடா மாநிலத்தில் சிக்கல் எண்ணுவதில் இல்லை, எதை வாக்காக ஏற்பது என்பதில் இருந்தது.

அங்கே பல மாவட்டங்களில் அட்டையில் துளையிட்டு வாக்களித்தார்கள். துளைத் துண்டு முழுதாக விழாமல் தொங்கினால் இயந்திரம் அதைப் படிக்காது. கிட்டத்தட்ட 60 லட்சம் வாக்குகளில் வேட்பாளர் ஜார்ஜ் புஷ், எதிர் வேட்பாளர் அல் கோரை முந்தியதாக அறிவிக்கப்பட்ட வித்தியாசம் வெறும் 537! அப்படியிருக்க, தொங்கும் ஒவ்வொரு துண்டும் முக்கியம்தானே?

இயந்திரம் தவறவிட்ட சீட்டுகளை மாநிலம் முழுக்கக் கையால் எண்ணும்படி ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் டிசம்பர் 8 அன்று உத்தரவிட்டது. மறுநாளே நாட்டின் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. ஒரு மாவட்டத்தில் லேசான பள்ளம் விழுந்திருந்தாலே வாக்கு, இன்னொன்றில் துண்டு பாதியாவது பிரிந்திருக்க வேண்டும் என்றால் அது சமநீதி ஆகாது என்று 9 நீதிபதிகளில் 7 பேர் கருதினார்கள். தேர்வுத்தாள் மறுமதிப்பீட்டில் ஓர் ஆசிரியர் பாதி விடைக்கும் மதிப்பெண் போட்டு, இன்னொருவர் பூஜ்யம் போட்டால் மாணவர்கள் ஒப்புக்கொள்வார்களா? அதே கதைதான்.

சரி, பொது விதி வகுத்து எண்ணியிருக்கலாமே? அதற்கு நேரமில்லை என்று டிசம்பர் 12 அன்று 5 பேர் சொன்னார்கள், 4 பேர் மறுத்தார்கள். எனக்கு அந்த நால்வரின் பக்கமே நியாயம் தெரிகிறது.

‘புஷ் வென்றார் என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது’ என்று பலர் எழுதுகிறார்கள். அது எண்ணிக்கையை மட்டுமே நிறுத்தியது. மாநிலம் நவம்பர் 26 அன்றே சான்றளித்திருந்த, புஷ் முந்திய முடிவு அப்படியே நிலைத்துவிட்டது.